கொஞ்சம் நேச்சுரலா நில்லுங்க, மேடம்!

போன தை மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தி ஓர் 'அவுட்டோர்' எடுத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் துணையாகப் போன பெரிய மனுஷன் நான். "மாமா, சும்மாதானே நிக்கிறீங்க, இதக் கொஞ்சம் புடிங்க" என்று போட்டோகிராபர் தம்பி ஒரு வட்டமான வெள்ளித் தட்டியைக் கையில் திணித்தான். ரிஃப்ளெக்டராம். கடற்காற்று அடித்த அடியில் அது அப்பளம் மாதிரி நெளிந்து, பெண்ணின் முகத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் போட்டது. கடைசியில் மாப்பிள்ளையின் கண்ணில் நேராகப் போட்டது. பெண் போட்டிருந்த கவுனுக்கு ஆறு முழத்தில் ஒரு வால். தோப்பில் உதிர்ந்து கிடந்த சவுக்கு ஊசி மொத்தமும் அதில் ஏறியிருந்தது. மாப்பிள்ளை கோட்டுக்குள் இட்லியாக வெந்துகொண்டிருந்தார். இந்த நிலைமையில் இருக்கிற இரண்டு ஜீவன்களைப் பார்த்துத் தம்பி சொன்னான்: "நேச்சுரலா இருங்க."

எண்ணினேன். பதினோரு தடவை சொன்னான்.

நேற்று முளைத்த வார்த்தை இது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஒரு பழைய பயணக் குறிப்பைப் புரட்டினால் அதிலும் இது உட்கார்ந்திருக்கிறது. 1877 ஜனவரி. இலங்கை, களுத்துறை. ஓர் அம்மாள் இன்னோர் அம்மாளைத் தென்னை ஓலைக்குள் செருகி நிற்கவைத்து, இயல்பாக இருக்கும்படி உத்தரவு போட்டிருக்கிறார். நின்ற அம்மாள் சாமர்த்தியசாலி. அந்த நேரத்தில் உஷ்ணமானி எவ்வளவு காட்டியது என்பதையும் பார்த்து எழுதிவைத்துவிட்டார். 96 டிகிரி பாரன்ஹீட்.

நிற்கவைத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். நின்றவர் மரியான் நார்த். புகைப்பட வரலாற்றில் முன்னவருக்குக் கோயில் கட்டாத குறை. தாவரப் படங்களின் வரலாற்றில் பின்னவருக்கு லண்டன் கியூ தோட்டத்தில் நிஜமாகவே ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். இப்படி இரண்டு பெரிய கைகள் சேர்ந்து ஒரு அவுட்டோர் போட்டால் எப்படியிருக்கும்? எங்கள் சவுக்குத் தோப்பு மாதிரியேதான் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். சம்பவம் அவர்களுடையது, நடுநடுவே வருகிற பேச்சு மட்டும் என் கைச்சரக்கு.

கேமரன் அம்மாள் பிறந்தது 1815-இல், கல்கத்தாவில். அப்பா கம்பெனி உத்தியோகஸ்தர். பேரிலேயே கேமரா இருந்தும் அது கைக்கு வர 48 வயது ஆயிற்று. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். இதே நல்ல எண்ணத்தில்தான் இன்றைக்கும் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கிறார்கள். அப்புறம் குடும்ப வாட்ஸப் குழுவில் விடியற்காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு பொன்மொழி வந்து விழும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அப்போது குடித்தனம் இங்கிலாந்தில் வைட் தீவு, ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில். வீட்டுக்குப் பேர் டிம்போலா. இலங்கை மலையில் அவர்களுக்கிருந்த தோட்டத்தின் பேரைத் தூக்கி வாசலில் மாட்டியிருந்தார்கள். கேமரா வந்த ஜோரில் நிலக்கரி போட்டுவைக்கும் இடம் டார்க்ரூம் ஆனது. கண்ணாடி போட்ட கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனது. கோழிகளுக்கு விடுதலை கொடுத்தாயிற்று, யாரும் அடித்துத் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அம்மாளே பின்னால் எழுதியிருக்கிறார். கோழிகளின் கஷ்டம் அதோடு முடியவில்லை. அந்தக் காலத்துப் படத்தாளுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைத்தான் பூசுவார்கள். வீடும் போய் முட்டையும் போன கோழிகள் கலைக்குச் செய்த தியாகத்தை எந்தக் கண்காட்சியிலும் குறிப்பிடுவதில்லை.

அந்தக் கோழிக்கூண்டில் வந்து நிற்காத ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் டென்னிசன், அரசவைக் கவிஞர், வசமாக மாட்டிக்கொண்டார். அவரை எடுத்த படத்துக்கு அவரே 'அழுக்குச் சாமியார்' என்று பேர் வைத்தார். 1868-இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ ஊருக்கு வந்தபோது அவரைக் கூட்டிப்போய் அம்மாளிடம் ஒப்படைத்து, அவர் சொன்னபடியெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும், மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க அப்புறம் வருகிறேன் என்கிற தோரணையில் சொல்லிவிட்டு நழுவினாராம் டென்னிசன். அதே வருஷம் கோடைக்குக் காற்று வாங்க வந்த சார்லஸ் டார்வினும் உட்கார்ந்தார். பெரிய தலைகள் கிடைக்காத நாளில் வேலைக்காரிதான் கன்னி மரியாள். மேரி ஹில்லியர் என்ற அந்தப் பெண் வீட்டு வேலைக்கும் மாதா வேஷத்துக்குமாக இரட்டைப் பணி பார்த்தார். தெருப் பிள்ளைகளைப் பிடித்து, அன்னப்பறவையின் கனத்த சிறகைத் தோளில் கட்டி, தேவதை ஆக்குவார். தேவதைகள் அழும். அழுதால் இன்னும் நல்லது, முகத்தில் பாவம் வரும்.

மாடல் ஆக்கப்பட்டவர்களில் ஒருத்தியின் கதை மட்டும் சினிமா. மேரி ரயன், ஐரிஷ் பிச்சைக்காரி ஒருத்தியின் மகள். அம்மாள் வழியில் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்து, வேலைக்கு வைத்துக்கொண்டு, படத்துக்கும் நிறுத்தினார். கண்காட்சியில் தொங்கிய அந்தப் படத்தையும், அங்கேயே நின்ற அந்தப் பெண்ணையும் பார்த்து ஒரு பையன் மயங்கினான். 1867-இல் கல்யாணம். பையன் பேர் ஹென்றி காட்டன். பிறந்த ஊர், சிரிக்காதீர்கள், நம்ம கும்பகோணம். 1904-இல் பம்பாயில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த சர் ஹென்றி காட்டன் இவர்தான். போட்டோவைப் பார்த்துப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிற வழக்கம் நம் ஊர்த் தரகர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இனி அம்மாளின் வீட்டுக்காரர். சார்லஸ் ஹே கேமரன், மனைவியைவிட இருபது வயது மூத்தவர், சட்ட நிபுணர். இலங்கைப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவர்களுக்குக் கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழு ஞாபகம் இருக்கும். அந்தக் கேமரன் இவர்தான். ராஜகாரியம் என்ற பேரில் அரசனுக்குக் கூலி இல்லாமல் குடிகள் ஊழியம் செய்கிற முறைக்கு முடிவு கட்டியதில் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. நாட்டில் கட்டாய ஊழியத்தை ஒழித்த மனுஷன், வீட்டில் அதையே கண்ணெதிரே பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். அவரையே மந்திரவாதி மெர்லின் ஆக்கி ஒரு மரப்பொந்துக்குள் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கிழவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, தாடி குலுங்கியது, கண்ணாடிமேல் கண்ணாடியாகப் பாழாயிற்று. அந்த வீட்டில் இயல்பாக இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு கூத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? இலங்கை மலையிலிருந்து. தஞ்சாவூர், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து கடலைத் தாண்டி, காட்டு வழியே நடந்து மலை ஏறிய நம் சனம் காப்பிச் செடியோடு மல்லுக்கட்டியது. அந்த வரும்படி கோழிக்கூண்டில் தேவதையாக நின்றது. 1869-இல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சை விழுந்தது. தோட்டங்கள் படுத்தன. பிள்ளைகளில் சிலர் இலங்கையில். கிழவருக்கோ இலங்கை என்றால் உயிர். 1875 அக்டோபரில் கப்பல் ஏறிவிட்டார்கள்.

அந்தப் புறப்பாட்டைக் கேட்டால் கல்யாண வீட்டுச் சாமான் லாரி தோற்றுப்போகும். பாலுக்கு ஒரு பசுமாடு. அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று முன்யோசனையாக இரண்டு சவப்பெட்டி. பெட்டி காலியாகப் போவானேன் என்று உள்ளே பீங்கான், கண்ணாடிச் சாமான்களை அடுக்கினார்களாம். ஜூலியாவின் தங்கை பேத்தி, எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதோடு விடாமல் இந்தத் தம்பதியை வைத்து ஒரு கேலி நாடகமே எழுதி, 1935-இல் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களுமாகச் சேர்ந்து நடித்தும் தீர்த்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குக் கூலியாகக் காசுக்குப் பதில் போட்டோவைக் கொடுத்தார் அம்மாள் என்றும் ஒரு கதை உண்டு. 'பேமெண்ட் இல்லை சார், ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்' என்று இன்றைக்குச் சினிமாக் கம்பெனிகள் சொல்கிறதற்கு இதுதான் பூர்விகம்போல.

களுத்துறை வீடு மகன் ஹார்டிங் உத்தியோகம் பார்த்த ஊரில். களு கங்கைக்குள் மூக்கை நீட்டின மாதிரி ஒரு சின்ன மேடு, அதன்மேல் வீடு. கூப்பிடு தூரத்தில் ஆறு கடலில் விழுகிறது. சுற்றிலும் தென்னை, மா, ஈரப்பலா, அப்புறம் சவுக்கு. ஆமாம், அங்கேயும் சவுக்கு! முயலும் அணிலும் மைனாவும் சொந்த வீடு மாதிரி உள்ளே வந்து போகின்றன. வாசலில் வளர்ப்பு மான் ஒன்று காவல். வெளியே நரைத்த மீசையோடு குரங்குகள். உள்ளே சுவரெல்லாம் படம், மேஜை நாற்காலி தரையெல்லாம் படம், ஈரத்தில் ஊறிப்போன புத்தகங்கள். எண்பதைத் தாண்டிய கிழவர் வெள்ளை முடி தோளில் புரள, ஒரு நீண்ட கோலை ஊன்றிக்கொண்டு வராந்தாவைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஓய்ந்தால் கவிதை படிக்கிறார். லொகேஷன் என்றால் இதுவல்லவா லொகேஷன்? எங்கள் தம்பி இதைப் பார்த்திருந்தால் ஒரு நாள் வாடகைக்கு என்ன கேட்பார்கள் என்றுதான் முதலில் விசாரித்திருப்பான்.

இந்த வீட்டுக்குத்தான் மரியான் நார்த் வந்து சேர்ந்தார். வயது 46. கல்யாணம் ஆகாதவர், அப்பா போன பிறகு தைல வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலகத்தைச் சுற்றக் கிளம்பிவிட்டவர். ஜப்பான், சரவாக், ஜாவா எல்லாம் முடித்துக்கொண்டு இலங்கை. செடி எங்கே முளைத்து நிற்கிறதோ அங்கேயே போய், சேறானாலும் அட்டையானாலும் உட்கார்ந்து, அது இருக்கிறபடியே வரைவது அவருடைய தொழில். கியூ தோட்டத்தில் 1882-இல் திறந்த அவருடைய கூடத்தில் எண்ணூறுக்கு மேல் படங்கள், சுவர் தெரியாமல் மாட்டியிருக்கின்றன. கேமரன் எடுத்த படங்களைப் பார்த்திருந்தாரே தவிர ஆளைப் பார்த்ததில்லை. வா வா என்று கடிதம்மேல் கடிதம் போட்டுத்தான் வரவழைத்தார் அம்மாள்.

வந்த விருந்தாளிக்கு நம் ஊரில் முதலில் தண்ணீர் கொடுப்போம். அங்கே பார்த்தவுடனே முடிவாகிவிட்டது: இவளைப் படம் எடுக்கவேண்டும். மூன்று நாள் அம்மாளுக்கு இதே ஜுரம்.

"மரியான், நீங்க அப்படியே இருங்க. ஒண்ணுமே மாத்த வேணாம்."

"சரிங்க."

"அந்தச் சட்டையை மட்டும் மாத்திடலாம். கொண்டையையும் அவுத்துடலாம்."

உடுத்தக் கொடுத்தது என்ன? காஷ்மீர்க் கம்பளி. குளிர் தேசத்து ஆட்டு மயிரில் நெய்த துணி, பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரிக்குள், வெட்டவெளியில். ஜனவரியிலும் வியர்த்து வழிகிற களுத்துறையில் அதைச் சுற்றிச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார். மாடலின் சௌகரியத்தை உத்தேசித்து உடை தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதற்கு என் அக்கா மகளின் கவுன் ஒரு சாட்சி, இது ஒரு சாட்சி. விக்டோரியா ராணி காலத்தில் 46 வயது மரியாதைப்பட்ட மாது நாலு பேர் பார்க்கத் தலைமுடியை விரித்துப்போடுவது லேசான காரியமல்ல. அதையும் செய்தார்.

அடுத்தது நேரம். பட்டப்பகல் உச்சி. இன்றைக்கு மூன்று மாத கோர்ஸ் படித்த பையன்கூடச் சொல்வான்: உச்சி வெயிலில் முகம் எடுக்காதே, கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி நிழல் விழும். காலை இளவெயில், சாயங்காலப் பொன்வெயில், இவைதான் கணக்கு. அம்மாளுக்கு இது தெரியாமல் இல்லை. ஃப்ரெஷ்வாட்டரில் கோழிக்கூண்டுக் கண்ணாடிக்குத் திரை போட்டு வெளிச்சத்தை அளந்து அளந்து விட்டவர்தான். வெளியே வந்ததும் அந்தத் திரையெல்லாம் போயிற்று. நிழலுக்குத் தென்னை ஓலைக்குள் மாடலை ஒதுக்கினால், ஓலையின் நுனி மண்டையில் குத்துகிறது. காற்று லேசாக அசைத்ததும் ஓலை இடுக்கு வழியே வெயில் கண்ணுக்குள் பாய்ந்து பாய்ந்து ஒளிகிறது. எங்கள் தோப்பில் அந்த வேலையை நான் செய்தேன்.

இங்கே கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். பொத்தானை அமுக்கினால் க்ளிக் என்கிற சமாசாரம் இல்லை அது. ஒரு தடவைக்கு ஒரு கண்ணாடிப் பலகை. ஃப்ரெஷ்வாட்டரில் அம்மாளுக்குப் பிடித்தது 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். ஏறக்குறைய ஒரு காப்பித் தட்டு. அதைத் தூசில்லாமல் துடைத்து, கொலோடியன் என்ற பசையை நடுவில் ஊற்றி, தோசைக்கல்லில் எண்ணெய் ஓட்டுகிற மாதிரி நாலு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்து ஓட்டி, மிச்சத்தைப் புட்டியில் வடிக்கவேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கவேண்டும். எடுத்து, ஒளி படாமல் சட்டத்தில் பூட்டி, கேமராவுக்கு ஓடி, மூடியைத் திறந்து எண்ணி மூடி, மறுபடி இருட்டுக்கு ஓடி, மருந்தை ஊற்றி, கழுவவேண்டும். இத்தனையும் பூசின பசை காய்வதற்குள். காய்ந்தால் போச்சு. குளிர் தேசத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கும். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கருத்துவிடும். அம்மாளின் கையும் துணியும் எப்போதும் அடுப்புக்கரி அள்ளினவள் கோலத்தில்தான்.

கொலோடியன் என்பது என்ன? வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த குழம்பு. ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நார்த் அம்மாள் குறித்துவைத்த 96 பாரன்ஹீட் என்பது செல்சியஸில் 35.5-ஐத் தாண்டும். அதாவது, படம் எடுக்கிற பசையே கொதிநிலை கடந்த வெயிலில் நிற்கிறது. மாடல் வேகுமுன் மருந்து வெந்துவிடும். இதில் நேச்சுரலாக இருந்திருக்கக்கூடியது ஈதர் ஒன்றுதான். அது தன் இயல்புப்படி ஆவியாகிப் பறந்திருக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. அந்தப் பசைக்கு நீல ஒளிதான் கண். மஞ்சளும் சிவப்பும் அதற்குக் குருடு. வானம் வெள்ளையாக வெளிறும். பச்சை இலை கருத்துவிடும். வெயிலில் பழுத்த முகத்தில் உள்ள செம்புள்ளி, கருமை, சுருக்கம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிக் காட்டும். நார்த்தோ மாதக்கணக்காக வெயிலில் உட்கார்ந்து வரைந்து பழுத்துக் களுத்துறைக்கு வந்தவர். 'பியூட்டி மோட்' என்று நம் போனில் ஒன்று இருக்கிறதே, அதற்கு நேர் எதிர்ச்சரக்கு.

தென்னை ஓலை ஒத்துவரவில்லை. அம்மாள் சளைக்கவில்லை.

"பேக்கிரவுண்டு சரியில்ல. இயற்கையா இருக்கணும். யாருப்பா அங்க, ஆணி எடுத்துட்டு வா!"

ஈரப்பலா இலை நல்ல பெரிதாக, விரல் விரித்த மாதிரி வெட்டுவெட்டாக, பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும். நம் பக்கம் சீமைப்பலா என்பார்கள். வாசலுக்கு வெளியே மரமாகவே நிற்கிறது. அம்மாள் அந்த மரத்தண்டை போகவில்லை. இலையையும் காயையும் பறித்துவந்து, ஜன்னல் கதவில் தட்டையாக வைத்து ஆணி அடிக்கச் செய்தார். அதற்கு முன்னால் மாடல். பிறகு இலைக்கும் சேர்த்தே உத்தரவு: இயல்பாக இருக்கவும்! ஆயுள் முழுக்க இலையை அது இருக்கிற கொம்பில் வைத்தே வரைந்த ஒருத்தியைக் கூட்டிவந்து, ஆணியடித்த இலைக்கு முன்னால் நிறுத்தியதை விடப் பெரிய பகடி எனக்குத் தெரிந்து கலை உலகில் நடந்ததில்லை. நார்த் அம்மாள் பொறுமையாக நின்றார். வெயிலில் வதங்கிக்கொண்டிருந்த இலைக்கும் அவருக்கும் அப்போது ஒரு சிநேகம் உண்டாகியிருக்கும்.

பன்னிரண்டு கண்ணாடி வீணாயின. மூன்று நாள் உழைப்புக்கு, கண்ணாடியில் விழுந்தது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரணப் பெண்பிள்ளைதான் என்று மாடலே தன்னைக் கிண்டல் செய்து எழுதிவிட்டார். ஊருக்குப் போய்க் காட்டினதில் வீட்டாருக்கும் பிடிக்கவில்லையாம். இந்தக் கட்டம் எனக்குப் பழக்கம். எங்கள் பெண்ணின் ஆல்பத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தி அம்மாள் கேட்டார்: "ரொம்ப அழகா இருக்கு. யாரு இது?"

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். கேமரன் முகம் எடுத்தால் முகம்தான். கொஞ்சம் மங்கல், கொஞ்சம் அசைவு, ஓரத்தில் விரல்ரேகை, கண்ணாடியில் கீறல். படம் எடுக்கத் தெரியவில்லை என்று அன்றைய புகைப்படச் சங்கத்துக்காரர்கள் ஏசினார்கள். இன்றைக்கு அந்தச் சங்கத்துக்காரர்கள் எடுத்த துல்லியமான படங்கள் எங்கே கிடக்கின்றனவோ. இவருடைய மங்கல்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் இலங்கையில் எடுத்து மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அதில் உள்ளூர்க்காரர்களை எடுத்தவை சில. அங்கேயும் அம்மாள் அம்மாள்தான். ஒரு சிங்கள ஆளின் முதுகைப் பார்த்து அப்படியே சொக்கிப்போனார். இந்த முதுகு வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று மகனிடம் பிடிவாதம் பிடித்து, அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கச் செய்தார். வீட்டில் தோட்டம் கிடையாது. தோட்டக்காரர் என்றால் என்ன என்பதும் அந்த ஆளுக்குத் தெரியாது என்கிறார் நார்த். ஆனால் என்ன, வேலை சுலபம். திரும்பி நிற்கவேண்டும். முதுகுக்கு உத்தியோகம் கிடைத்த மனுஷர்!

இன்னொரு படம் உண்டு. வராந்தாவில் நார்த் சட்டத்தில் துணி மாட்டி வரைந்துகொண்டிருக்கிறார். எதிரே ஒரு பையன். 'தமிழ்ப் பையன்' என்று குறிப்பு. வேலைக்காரி மேரிக்குப் பேர் இருக்கிறது, பிச்சைக்காரியின் மகளுக்குப் பேர் இருக்கிறது. இவனுக்கு இனம் போதும் என்று விட்டுவிட்டார்கள். பார்த்தவுடன், ஆகா, தன் வேலையில் மூழ்கியிருக்கும்போது யாரும் அறியாமல் எடுத்த படம், கேண்டிட் என்று தோன்றும். யோசித்தால் சிரிப்பு வரும். நார்த் செடி வரைகிறவர். ஆளை உட்காரவைத்து வரைவது அவர் வழக்கமே இல்லை. 'நீ வரையற மாதிரி பண்ணு, நீ வரையப்படற மாதிரி நில்லு' என்று இரண்டு பேருக்கும் வசனம் சொல்லிக் கொடுத்து எடுத்த கேண்டிட் அது. பையன் முகத்தை உற்றுப் பார்த்தேன். ரிஃப்ளெக்டர் பிடித்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, 1879 ஜனவரியில், டிக்கோயாப் பக்கத்து மலைத்தோட்டத்தில் கேமரன் அம்மாள் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே கிழவரும். பொகவந்தலாவையில் மலைக்கு நடுவே ஒரு சின்ன மாதாகோயில், அதன் முற்றத்தில் இரண்டு பேரும்.

நார்த் களுத்துறையில் இருந்தபோது நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அம்மாளிடம் ஒரு சால்வை, புல் மாதிரிப் பச்சை. அந்த ஊர் வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும். அந்த ஊர்க் கேமராவில் எடுத்திருந்தால் கறுப்பாகத்தான் விழும். நார்த்துக்கு நிறம்தான் உயிர். பார்த்தவர் வாய் தவறி, எவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டார். ஆமாம், உங்களுக்குப் பொருந்தும் என்றார் அம்மாள். கத்திரிக்கோலை எடுத்தார். மூலைக்கு மூலை நேராக ஒரே வெட்டு. ஒரு பாதியை விருந்தாளியின் கையில் கொடுத்துவிட்டார்.

நல்ல வேளை, வாசலில் நின்ற மானை அவர் பாராட்டவில்லை.